கற்றதைத் தாயகத்துக்கு ஈந்த ஹோசே ரிசால்

கல்வி ஒருவனை உயர்த்தும் என்பதை நம் சமுதாயத்தில் இன்று எவரும் மறுப்பதில்லை. ஆனால், அவ்வாறு உயர்ந்தவன் அதன்பின் செய்ய வேண்டுவது யாது என்னும் வினாவுக்குத் தெளிந்த விடை கூறுவோர் சிலரே. வேலை கிடைத்தவுடன் ஊரை விட்டுச் செல்வதும், சென்றபின் ஊரை மறப்பதும் படித்தவர்களிடையே வழக்கமாகி வருவதை நாம் கண்கூடாகக் காண்கின்றோம். இந்த வினாவுக்குத் தம் வாழ்நாள் முழுவதையும் விடையாக்கிய ஒருவரை நம் இளைஞர்களுக்கு இவ்வெள்ளி விழா மலரின் வாயிலாக அறிமுகம் செய்ய விழைகின்றோம். அவர் பிலிப்பைன்ஸ் நாட்டின் தேசிய வீரராகப் போற்றப்படும் மருத்துவர் ஹோசே ரிசால் ஆவார்.

பிலிப்பைன்ஸ் பசிபிக் பெருங்கடலின் மேற்கு ஓரத்தில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளால் அமைந்த நாடு. 1521ஆம் ஆண்டு மெகல்லனின் கப்பல்கள் அங்கு வந்தன. 1565 முதல் ஸ்பானியர் அங்கே நிலைகொண்டு, 1898 வரை ஆண்டனர். ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் பெயரே நாட்டுக்குச் சூட்டப்பட்டது. மண்ணின் மக்களை ஆள்வோர் ‘இந்தியோ’ என்று அழைத்தனர். அழைத்தவர் வாயில் அது இகழ்ச்சிச் சொல்லாகவே இருந்தது. ஊர்தோறும் இருந்த ஸ்பானியத் துறவிகள் சமயப் பணியோடு நில்லாமல், பள்ளியை மேற்பார்க்கும் அதிகாரமும் பெற்றிருந்தனர். அவர்தம் சபைகள் பரந்த நிலங்களுக்கு உடைமையாளராகவும் விளங்கின. கோவில், பள்ளி, நிலம் ஆகிய மூன்றும் ஒரே கையில் இருந்தால் எளியவன் எங்கே சென்று முறையிடுவான்?

இளமையும் கல்வியும்

லகூனா மாநிலத்துக் கலம்பா என்னும் ஊரில் 1861ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் ரிசால் பிறந்தார். பிரான்சிஸ்கோ மெர்காதோ, தியோதோரா அலோன்சோ தம்பதியரின் பதினொரு மக்களுள் அவர் ஏழாமவர். அவர் வறிய குடியில் தோன்றியவர் அல்லர் என்பதை முதலிலேயே கூறிவிடுகின்றோம். நெல்லும் கரும்பும் பயிரிட்ட வசதியான குடும்பம் அது. ஆயினும், அவர்கள் உழுத நிலம் அவர்களுக்குச் சொந்தமன்று. அது டொமினிக்கன் சபைத் துறவிகளின் நிலம். குத்தகை கொடுத்தே பயிரிட வேண்டும். வசதி இருந்தது, உரிமை இல்லை. இந்நிலைதான் ரிசாலின் வாழ்வை வழிநடத்தியது எனலாம்.

எழுத்தறிவித்த முதல் ஆசிரியை அவருடைய அன்னையே ஆவார். அந்த அன்னை மீது, உறவினர் ஒருவருக்கு நஞ்சிட முயன்றதாகப் பொய்க்குற்றம் சாட்டப்பட்டது. கலம்பாவிலிருந்து சாண்டா குரூஸ் வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவு அவர் நடத்தியே கொண்டு செல்லப்பட்டார். இரண்டரை ஆண்டுகள் சிறையில் இருந்து, பின்னரே விடுதலை பெற்றார். அப்போது ரிசால் பத்து வயதுச் சிறுவர். 1872 பிப்ரவரி 17ஆம் நாள், கோமெஸ், புர்கோஸ், சமோரா என்னும் மூன்று பாதிரியார்கள் கிளர்ச்சிக்குத் துணை நின்றார்கள் என்று கூறிக் கொல்லப்பட்டனர். மண்ணின் மைந்தர்களான பாதிரியார்களுக்குச் சம உரிமை கேட்டதே அவர்கள் செய்த குற்றம். ரிசாலின் அண்ணன் பசியானோ, புர்கோஸ் பாதிரியாரின் அன்புக்குரிய மாணவர். இதனால் ஐயத்துக்கு ஆளாகாதிருக்க வேண்டித் தம்பி மெர்காதோ என்னும் பெயரை விடுத்து ரிசால் என்னும் பெயரில் மணிலாவின் அதெனியோ பள்ளியில் சேர்க்கப்பட்டார்.

1877ஆம் ஆண்டு மிக உயர்ந்த மதிப்பெண்களுடன் அப்பள்ளியில் தேறினார். பின்னர்ச் சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகத்தில் மெய்யியலும் மருத்துவமும் பயின்றார். விடுமுறையில் ஊர் வந்திருந்த ஓர் இரவு, இருளில் எதிர்ப்பட்ட காவற்படை அதிகாரியை அடையாளம் காணாமல் வணக்கம் செலுத்தாது கடந்தார். அதற்காக அவருடைய முதுகில் வெட்டு விழுந்தது. அவர் அளித்த முறையீட்டை எவரும் செவிமடுக்கவில்லை. படித்தவனாயினும் இந்தியோ இந்தியோவே என்று அந்த இரவு அவருக்கு உணர்த்தியிருக்க வேண்டும்.

இளைஞர்க்கு ஓர் அழைப்பு

1879ஆம் ஆண்டு மணிலாவின் கலை இலக்கியக் கழகம் ஒன்று கவிதைப் போட்டி நடத்தியது. பதினெட்டு வயது ரிசால், பிலிப்பைன்ஸ் இளைஞர்களை விளித்து எழுதிய கவிதை முதற்பரிசைப் பெற்றது. இறகு வடிவில் அமைந்த வெள்ளிப் பேனா ஒன்று பரிசாக வழங்கப்பட்டது. இக்கவிதையின் சிறப்பு சொல்லழகில் மட்டும் இல்லை. அதுகாறும் தாய்நாடு என்றால் ஸ்பெயின் என்றே பள்ளிகளில் கற்பிக்கப்பட்டு வந்தது. இந்த மாணவரோ தாம் பிறந்த தீவுகளையே தாய்நாடாகக் கொண்டு பாடினார். தலைகுனிந்து நிற்கும் இளைஞர்கள் நிமிர்ந்து, கலையிலும் அறிவிலும் தங்கள் ஆற்றலைக் காட்ட வேண்டும் என்றும், நாட்டின் எதிர்காலம் அவர்களிடமே உள்ளது என்றும் அதில் வேண்டிக்கொண்டார். மறுஆண்டு நடந்த வேறொரு போட்டியில் ஸ்பானியரும் கலந்துகொண்டனர். அதிலும் முதற்பரிசு ரிசாலுக்கே கிட்டியது.

கடல் கடந்த கல்வி

1882 மே மாதம் 3ஆம் நாள், பெற்றோருக்கும் சொல்லாமல், அண்ணன் பசியானோவின் துணையோடு ரிசால் கப்பலேறினார். சிங்கப்பூர், காலி, கொழும்பு முதலிய துறைகளைக் கடந்து ஐரோப்பாவை அடைந்தார். மாட்ரிட் பல்கலைக்கழகத்தில் 1884இல் மருத்துவத்திலும் 1885இல் மெய்யியல், இலக்கியத் துறையிலும் தேர்ச்சி பெற்றார். அன்னையின் கண்பார்வை மங்கிவந்ததால் கண் மருத்துவத்தைத் தனியே பயில விரும்பி, பாரிசிலும் ஜெர்மனியின் ஹைடல்பர்கிலும் புகழ்பெற்ற கண் மருத்துவர்களிடம் பயிற்சி பெற்றார். அவர் கற்றது எதுவும் வெறும் பட்டத்துக்காக இல்லை. ஒவ்வொன்றின் பின்னும் ஊரில் ஒரு தேவை நின்றது என்பதை நம் மாணவர்கள் கருத்தில் கொள்ளுதல் நலம்.

ஐரோப்பாவில் இருந்த பிலிப்பைன்ஸ் மாணவர்கள் ஒன்றுகூடித் தங்கள் நாட்டுக்குச் சீர்திருத்தம் கோரினர். 1889இல் பார்சிலோனாவில் ‘லா சோலிதாரிதாத்’ என்னும் இதழைத் தொடங்கினர். ரிசால் அதில் இடையறாது எழுதினார். இந்தியோக்கள் பிறவியிலேயே சோம்பேறிகள் என்று ஆள்வோர் பழித்து வந்தனர். ரிசால் அப்பழியை ஒரு மருத்துவர் நோயை ஆராய்வதுபோல் ஆராய்ந்து, 1890இல் நெடிய கட்டுரை ஒன்று எழுதினார். உழைப்பின் பயனைப் பிறர் பறித்துக்கொள்ளும் இடத்தில், கட்டாய வேலை வாங்கப்படும் இடத்தில், அறிவும் ஊக்கமும் மறுக்கப்படும் இடத்தில் மக்கள் சோர்ந்து போவது இயல்பே என்றும், சோம்பல் அடிமை நிலைக்குக் காரணமன்று, அதன் விளைவே என்றும் நிறுவினார். அதே வேளையில் தம் மக்களிடம் உள்ள குறைகளையும் அவர் மறைக்கவில்லை. பிறரைச் சாடுவதோடு நில்லாமல் தம்மவரையும் திருத்த முனைந்த நேர்மை இது.

அந்நாளில் இலண்டனிலிருந்த பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அமர்ந்து, 1609இல் மோர்கா என்னும் ஸ்பானிய அதிகாரி எழுதிய பழைய வரலாற்று நூலைத் தம் கையால் படியெடுத்து, விளக்கக் குறிப்புகளுடன் பாரிசில் வெளியிட்டார். ஸ்பானியர் வருவதற்கு முன்பே தம் மக்களுக்குத் தொழிலும் வணிகமும் எழுத்தும் இருந்தன என்பதைக் காட்டுவதே அவர் நோக்கம். முன்னோர்க்கு வரலாறே இல்லை என்று சொல்லப்பட்ட எந்த மக்களும் இம்முயற்சியின் அருமையை எளிதில் உணர்வர். 1889இல் பாரிசில், இகழ்ச்சிச் சொல்லையே பெருமைப் பெயராக்கி, வீரமிக்க இந்தியோக்கள் என்னும் பொருள்படும் பெயரில் நண்பர்களோடு ஒரு குழுவையும் அமைத்தார்.

மலோலோஸ் மங்கையர்

1888 டிசம்பரில் மலோலோஸ் என்னும் ஊரைச் சேர்ந்த இளம்பெண்கள் இருபதுபேர், தாங்கள் ஸ்பானிய மொழி கற்க இரவுப்பள்ளி ஒன்று தொடங்க இசைவு வேண்டும் என்று ஆளுநரிடம் நேரில் விண்ணப்பம் அளித்தனர். ஊர்ப் பாதிரியார் எதிர்த்தும் அவர்கள் விடவில்லை. இசைவு பெற்றுப் பள்ளியும் தொடங்கினர். அச்செய்தி இலண்டனில் இருந்த ரிசாலுக்கு எட்டியது. அவர் தம் தாய்மொழியாகிய தகாலோகில் அப்பெண்களுக்கு நீண்ட மடல் ஒன்று வரைந்தார். அறியாமையில் வைக்கப்பட்ட தாய் அடிமைகளையே வளர்க்க நேரும். எனவே பெண்கள் தாமே சிந்திக்கக் கற்பது நாட்டின் விடுதலைக்கு முதற்படி என்பது அம்மடலின் சாரம். அப்பள்ளி சில மாதங்களே நடந்தது. ஆயினும் அந்த இருபது பெண்களின் துணிவு அந்நாட்டு வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றுவிட்டது.

இரு நூல்கள்

ரிசாலின் பெயரை நாடெங்கும் பரப்பியவை அவருடைய இரு புதினங்கள். முதல் நூலாகிய ‘நோலி மே தாங்கெரே’ 1887இல் பெர்லினில் அச்சாயிற்று. அச்சுக்கூலிக்குப் பணமின்றி, குளிரிலும் பசியிலும் அவர் வாடியபோது, மாக்சிமோ வியோலா என்னும் நண்பர் 300 பெசோ கடனாகத் தந்து உதவினார். 2000 படிகள் அச்சிடப்பட்டன. என்னைத் தொடாதே என்பது அந்த இலத்தீன் தலைப்பின் பொருள். தொடாதே என்னும் சொல் எவ்வளவு சுடும் என்பதை நம் முன்னோர் நன்கு அறிவர். ரிசால் அதை வேறு பொருளில் ஆண்டார். தொட்டாலே வலிக்கும் புற்றைப்போல நாட்டைப் பீடித்திருந்த நோயை எவரும் தொட அஞ்சினர். அதைத் தொட்டுக் காட்டத் தாம் துணிந்ததையே அத்தலைப்பால் உணர்த்தினார். ஊரில் பள்ளிக்கூடம் கட்ட விரும்பும் படித்த இளைஞன் ஒருவன் சூழ்ச்சிகளால் வீழ்த்தப்படுவதே கதை. இரண்டாம் நூலாகிய ‘எல் பிலிபுஸ்தெரிஸ்மோ’ 1891இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் வெளிவந்தது. கொல்லப்பட்ட மூன்று பாதிரியார்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். முதல் நூல் நாட்டில் தடைசெய்யப்பட்டது. தடையால் அதைத் தேடிப் படித்தோர் மிகுந்தனர்.

1887இல் ரிசால் ஊர் திரும்பி மருத்துவம் பார்த்தார். கலம்பாக் குத்தகைதாரர்களின் குறைகளை ஆராய்ந்து அறிக்கையாக்கி, அவர்களிடம் கையொப்பம் பெற்று அரசுக்கு அனுப்பினார். அதன் விளைவு கொடியதாயிற்று. நெருக்கடி முற்றியதால் 1888 பிப்ரவரியில் அவர் மீண்டும் நாட்டை விட்டுச் செல்ல நேர்ந்தது. துறவிகள் தொடுத்த வழக்கு நிலச்சபைக்கே சாதகமாக முடிந்தது. படைவீரர்கள் வந்து குடும்பங்களை வெளியேற்றினர், வீடுகள் இடிக்கப்பட்டன, ரிசாலின் பெற்றோரும் உடன்பிறந்தாரும் வீடிழந்தனர்.

திரும்பி வருதல்

1891இன் இறுதியில் ரிசால் ஹாங்காங்கில் கண் மருத்துவமனை ஒன்றை அமைத்தார். குடும்பத்தினரும் அங்கு வந்து சேர்ந்தனர். அன்னைக்கு அங்கே கண் அறுவை செய்தார். தொழில் செழித்தது, புகழ் வளர்ந்தது, எவராலும் தீங்கு நேராத இடம். அங்கேயே வாழ்ந்திருந்தால் அவரைக் குறைகூறுவோர் யாருமிரார். ஆனால், தம்மால் துன்புற்ற மக்கள் ஊரில் இருக்கத் தாம் மட்டும் பாதுகாப்பாக இருப்பதை அவர் உள்ளம் ஏற்கவில்லை. தாம் இறந்தபின் திறக்க வேண்டிய இரு மடல்களை எழுதி நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, 1892 ஜூன் 26ஆம் நாள் மணிலாவில் வந்திறங்கினார்.

ஜூலை 3ஆம் நாள் ‘லா லிகா பிலிப்பினா’ என்னும் சங்கத்தைத் தொடங்கினார். தீவுகளின் மக்களை ஒன்றுபடுத்துதல், இடருற்றோர்க்கு ஒருவர்க்கொருவர் உதவுதல், கல்வி, வேளாண்மை, வணிகம் ஆகியவற்றை வளர்த்தல் ஆகியவையே அதன் நோக்கங்கள். படை திரட்டும் எண்ணம் அதில் இல்லை. ஆயினும் மூன்றே நாளில் அவர் சிறைப்பட்டார். மிண்டனாவோ தீவில் உள்ள தாப்பித்தான் என்னும் ஒதுக்குப்புற ஊருக்கு நாடுகடத்தப்பட்டார்.

தாப்பித்தானில் நான்கு ஆண்டுகள்

ரிசாலின் வாழ்வில் நம் இளைஞர்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி இதுவே என்பது நமது கருத்து. எழுதவும் பேசவும் தடை, நண்பர்கள் தொலைவில். இந்நிலையில் மனம் ஒடிந்து கிடப்பதே பலருக்கும் இயல்பு. ரிசாலோ சுற்றிலும் பார்த்தார். ஊரில் நல்ல பள்ளி இல்லை, குடிநீர் வசதி இல்லை, தெருவில் விளக்கு இல்லை, மருத்துவர் இல்லை. அவற்றையே தம் பணியாகக் கொண்டார்.

பரிசுச் சீட்டொன்றில் அவர் பங்குக்கு 6200 பெசோ விழுந்தது. அதில் 2000 பெசோவைத் தந்தைக்குக் கொடுத்தார். தாலிசாய் என்னுமிடத்தில் நிலம் வாங்கித் தென்னை முதலியன பயிரிட்டார். மூங்கிலால் வீடுகள் அமைத்து, சிறுவர்களுக்குப் பள்ளி தொடங்கினார். முதலில் வந்தவர் மூவர். பின்னர் அது 21 ஆயிற்று. பெரும்பாலோரிடம் கட்டணம் பெறவில்லை. மாறாக அவர்கள் தோட்டத்தில் உழைத்தனர். மொழிகளும் கணக்கும் மட்டுமன்றி, நீச்சல், படகோட்டுதல், செடிகளையும் உயிரினங்களையும் இனங்காணுதல் ஆகியவற்றையும் கற்றனர். ஆசிரியர் பணியில் பல்லாண்டு கழித்த நாம், இப்பள்ளியை எண்ணுந்தோறும் வியப்படைகின்றோம். கட்டடத்தையும் மானியத்தையும் எதிர்பாராமல் பள்ளி நடத்த முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மலையிலிருந்து ஊருக்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலை, கிடைத்த ஓடுகளையும் மூங்கிலையும் கொண்டு, ஊராரின் உழைப்போடு அமைத்தார். செல்வர் ஒருவர் கண் சிகிச்சைக்காகத் தந்த 500 பெசோவைத் தெருவிளக்குகளுக்கு ஈந்தார். செல்வரிடம் கட்டணம் பெற்று, ஏழைகளுக்கு இலவசமாகவே மருத்துவம் செய்தார். உழவர்களுக்குக் கூட்டுறவு அமைப்பொன்றைத் தோற்றுவித்தார். ஊர்த்திடலில் மாணவர்கள் நில அமைப்பை அறியும்பொருட்டு மிண்டனாவோ தீவின் புடைப்பு வரைபடம் ஒன்றை மண்ணில் சமைத்தார். அது இன்றும் போற்றிக் காக்கப்படுகிறது. அவர் சேகரித்து ஜெர்மனிக்கு அனுப்பிய உயிரினங்களுள் தவளை, பறக்கும் பல்லி, வண்டு ஆகியவற்றுக்கு அறிஞர்கள் அவர் பெயரையே சூட்டினர்.

புரட்சியும் மரணமும்

ரிசால் நாடுகடத்தப்பட்ட செய்தி கேட்ட அதே நாள்களில், மணிலாவின் தோண்டோப் பகுதியில் கதிபுனான் என்னும் இரகசியச் சங்கம் தோன்றியது. அதன் தலைவர் ஆந்திரேஸ் போனிபாசியோ. இளமையிலேயே பெற்றோரை இழந்து, கைத்தடியும் காகித விசிறியும் விற்று, பின்னர்க் கிடங்கில் வேலை செய்து தம்பி தங்கையரைக் காத்தவர் அவர். பள்ளிக் கல்வி முற்றுப்பெறாத அவர் தாமே முயன்று படித்தார். ரிசாலின் நூல்களையும் படித்தார். 1896 ஜூனில் அவர் அனுப்பிய தூதர் ஆயுதப் புரட்சிக்கு ரிசாலின் கருத்தை அறிய வந்தார். போதிய ஆயுதமும் ஆயத்தமும் இன்றி எழுந்தால் எளிய மக்களே மடிவர் என்று ரிசால் இசையவில்லை.

அவ்வாண்டு ஆகஸ்டில் புரட்சி வெடித்தது. கியூபாவில் மருத்துவப் பணி புரிய அரசின் இசைவோடு ரிசால் கப்பலேறியிருந்தார். சிங்கப்பூரில் உடன்பயணி ஒருவர் கப்பலை விட்டிறங்கி, அவரையும் இறங்கித் தப்புமாறு வற்புறுத்தினார். கொடுத்த வாக்கை மீற ரிசால் மறுத்தார். வழியிலேயே சிறைப்பிடிக்கப்பட்டு மணிலாவுக்குத் திருப்பிக் கொண்டுவரப்பட்டார். டிசம்பர் 26இல் படை நீதிமன்றம் விசாரித்தது. மரண தண்டனை விதிக்கப்பட்டது. தாம் நடத்தாத புரட்சிக்குத் தம் உயிரை விலையாகக் கொடுக்க நேர்ந்தது.

இறுதி நாளில் தங்கையிடம் ஒரு சிறு அடுப்பைக் கொடுத்து, அதனுள் ஏதோ இருப்பதைக் குறிப்பாக உணர்த்தினார். அதனுள் அவர் நாட்டுக்கு விடைகூறி எழுதிய கவிதை இருந்தது. 1896 டிசம்பர் 30ஆம் நாள் காலை பகும்பாயான் திடலில் அவரை நிறுத்தினர். துரோகியைப்போல் முதுகில் சுடுமாறு ஆணை. குண்டு பாய்ந்த கணத்தில் உடலைத் திருப்பி, முகம் வானை நோக்க வீழ்ந்தார். அப்போது அவருக்கு அகவை 35. உடலை இரகசியமாகப் புதைத்தனர். ஆனால் 1913இல் அதே திடலில் அவர் நினைவுச் சின்னம் எழுந்தது; அவருடைய எலும்புகள் அதனடியில் உறங்குகின்றன.

1898 ஜூன் 12ஆம் நாள் விடுதலை அறிவிக்கப்பட்டது. மறுஆண்டு அமைந்த குடியரசில் அமைச்சரவைத் தலைவராக அமர்ந்த அபோலினாரியோ மபினி, எழுத்தறியாத ஏழை உழவர் ஒருவரின் மகன். கால்கள் செயலிழந்த நிலையிலும் சட்டம் கற்ற தம் அறிவை நாட்டுக்குத் தந்தவர். அமெரிக்கரின் ஆட்சிக்குப் பின் 1946 ஜூலை 4ஆம் நாளே நாடு முழு விடுதலை எய்தியது. 1956இல் இயற்றப்பட்ட சட்டத்தால் ரிசாலின் வாழ்வும் நூல்களும் பள்ளி கல்லூரிகள் அனைத்திலும் பாடமாயின.

நாம் கொள்ள வேண்டுவது

ரிசாலா, போனிபாசியோவா, யார் பெரியவர் என்று அந்நாட்டில் இன்றும் வாதிடுவோர் உண்டு. செல்வக் குடியில் பிறந்தவரும் புரட்சியை ஏற்காதவருமான ரிசாலைவிட, உழைப்பாளியான போனிபாசியோவே தலைசிறந்தவர் என்பார் கூற்றிலும் உண்மை இல்லாமலில்லை. நாம் இருவரையும் எதிரெதிரே நிறுத்த விரும்பவில்லை. ஒருவர் எழுதியதை மற்றவர் படித்தார், படித்தது செயலாயிற்று. எழுதியவனும் படித்தவனும் உழைத்தவனும் சேர்ந்தே நாட்டை ஆக்குகின்றனர்.

நாட்டைக் கட்டுவது என்றவுடன் பதவியும் மேடையும் நம் நினைவுக்கு வருகின்றன. தாப்பித்தான் நமக்கு வேறொன்றைக் கூறுகிறது. பதவியற்ற ஒரு கைதி, மூன்று சிறுவரையும் ஒரு வாய்க்காலையும் கொண்டு அப்பணியைத் தொடங்கினார். நம் இளைஞர்கள் பட்டம் பெறுக, பணியில் அமர்க, எங்கும் சென்று சிறப்புறுக. ஆனால் நாம் பிறந்த தெருவில் மாலைதோறும் நான்கு குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர ஆளில்லை என்றால், நம் பட்டங்களின் பயன் பாதியே. இந்தக் கல்விச் சங்கம் 25 ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றது. அடுத்து வரும் ஆண்டுகள், இதனால் படித்தோர் எத்தனைபேர் என்பதைக் கொண்டன்று, படித்துத் திரும்பி வந்தோர் எத்தனைபேர் என்பதைக் கொண்டே மதிக்கப்பெறும். அக்கணக்கில் உங்கள் பெயரும் இடம்பெறுமாறு வாழ்வீர்களாக என வாழ்த்தி அமைகின்றோம்.